மாடு வடக்கே பார்த்து நிற்குமா? விநோத ஆராய்ச்சிகள் பற்றி நம்ம பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்துப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அறிவியல் பேசப் போனால், கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் நல்ல கேள்விகள் வரும். அரங்கில் கருந்துளை பற்றிக் கேட்டவர்கூட வெளியே வந்ததும், "அது கெடக்குதுங்க, இந்தத் தேங்காய் எண்ணெய் ஏன் உறைய மாட்டேங்குது?" என்று ஆரம்பிப்பார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்தான் கீழே இருப்பவை. ஒவ்வொன்றையும் ஒட்டி எங்கோ யாரோ செய்த ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அதை எத்தனை பேரிடம், எத்தனை மாட்டிடம், எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தவரை சொல்லியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்புவதில்லை.

வேட்டியில் பட்ட மஞ்சள் கறை, சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிடுகிறதே, துணி கெட்டுவிட்டதா?

இல்லைங்க. மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். காரத்தன்மை உள்ளது பட்டால் அது சிவக்கும். புளிப்பு பட்டால் பழையபடி மஞ்சளாகும். துணி சோப்பு காரம், அவ்வளவுதான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும், ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சிவப்பதும் இதே வேதியியல்தான்.

பிள்ளைகள் வீட்டில் இருந்தால் செய்து பாருங்கள். மஞ்சள் தூளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கலக்கி, வெள்ளைத் தாளில் தடவி, காயவைத்துத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். சாம்பல் தண்ணீர், சோப்புத் தண்ணீர், ஆப்பச் சோடா, எலுமிச்சைச் சாறு, மோர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை நனைத்தால் எது காரம் என்று தாளே சொல்லிவிடும். தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட் எதற்கு என்றால், குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும்தான் கரையும். குழம்புக் கறை பிடிவாதமாக இருப்பதற்கும் காரணம் அதுதான். எண்ணெயோடு சேர்ந்து நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கறை போக வேண்டும் என்றால் துவைத்துவிட்டு நல்ல வெயிலில் காயப்போடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். நம்ம பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று தடவை காய்ந்தால் கறை பெரும்பாலும் வெளுத்துவிடும். அதே காரணத்தால்தான் மஞ்சள் தூளைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் வைக்கக் கூடாது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளாக இருந்தாலும் வெயில் அதையும் விடாது.

மஞ்சள் பாலில் மிளகுத் தூள் போட்டால் சத்து 20 மடங்கு சேருமாமே?

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனை அது. ஒரு சில பேருக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகவும், அப்புறம் 20 மில்லிகிராம் பைப்பரினோடு சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மிளகுக்கு உறைப்பு தருவது பைப்பரின்தான். சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடியிருந்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் இருந்த சுவடே சரியாகத் தெரியவில்லை. அவ்வளவு குறைந்த அளவு 20 மடங்கு ஆனாலும் கொஞ்சம்தான். இன்னொன்று, 2 கிராம் குர்குமின் என்பது எவ்வளவு மஞ்சள்? மஞ்சள் தூளில் குர்குமின் தோராயமாக 3 சதவீதம். அப்படியானால் 60, 70 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் அதை யார் கலக்குவது? மிளகு அளவு மட்டும் சமையலுக்கு ஏற்ற மாதிரிதான் வருகிறது: 20 மில்லிகிராம் பைப்பரின் ஏழெட்டு மிளகிலேயே கிடைத்துவிடும்.

மஞ்சள் பாலும் மிளகும் தொண்டைக்கு இதமாக இருக்கிறதா, குடியுங்கள். நானும் குடிக்கிறேன். அதை மருந்துக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் குர்குமினும் பைப்பரினும் சேர்த்து மாத்திரையாக விற்கிறார்களே, அதில் எச்சரிக்கை வேண்டும். வெளியிலிருந்து வருகிற பொருள்களைக் குடலும் கல்லீரலும் மாற்றி வெளியேற்றுகிற வேலையைப் பைப்பரின் மந்தமாக்குகிறது. அது குர்குமினுக்கு மட்டும் நடக்காது. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற ப்ரோப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறுகிறது என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. தினசரி மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. குழம்பிலும் ரசத்திலும் போடுகிற மிளகைப் பற்றி நான் சொல்லவில்லை.

மாடு மேயும்போது வடக்கு தெற்காகத்தான் நிற்கும் என்று படித்தேன். எங்க கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) அப்படி ஒன்றும் தெரியலையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 2008-இல் ஜெர்மனியையும் செக் நாட்டையும் சேர்ந்த சபீனா பெகால், ஹைனெக் புர்டா குழுவினர் கூகுள் எர்த் படங்களை வைத்து இதைச் செய்தார்கள். உலகம் முழுவதும் மேய்ச்சல் நிலங்களில் நின்ற எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று அளந்தார்கள். செலவே இல்லாத ஆராய்ச்சி! அந்தப் படங்களில் தலை எது, வால் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் "வடக்கே பார்த்து" என்று அவர்கள் சொல்லவே இல்லை. உடம்பு வடக்கு தெற்கு வாட்டில் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். மாட்டுக்குப் பூமியின் காந்தம் தெரிகிறது என்பது அவர்கள் ஊகம். அடுத்த வருடம், உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே நிற்கும் மாடுகளிடம் இந்த ஒழுங்கு குலைகிறது என்றும் எழுதினார்கள்.

2011-இல் வேறொரு செக் குழு வேறு படங்களை எடுத்து அளந்தது. அப்படி ஒரு ஒழுங்கும் இல்லை என்று வந்தது. முதல் குழு, உங்கள் படங்களில் பாதி தெளிவில்லை, மின்கம்பி பக்கத்தில் எடுத்தது என்று பதில் சொன்னது. சண்டை இன்னும் தீரவில்லை.

நம்ம காங்கேயம் மாடுகளை வைத்துப் பார்க்கலாம் என்றால், முதலில் காற்றையும் வெயிலையும் கழிக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30-40 கிலோமீட்டருக்குத் திறந்து கிடக்கிறது. அதன் வழியாகத்தான் ஆடிக் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் வரை அடித்து வருகிறது. காற்றாலைகள் அங்கே நிற்பதும் அதற்காகத்தான். அந்தக் காற்றில் நிற்கிற மாட்டுக்குக் காந்தம் பற்றி என்ன கவலை? உச்சி வெயிலில் வெள்வேல மர நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் நிற்கும். ஆக, காற்றில்லாத மேகமூட்டமான ஒரு காலை வேளை, மேய்ந்துகொண்டிருக்கிற மாடுகள், கையில் திசைகாட்டி உள்ள போன் என்று மூன்றும் சேர வேண்டும். ஒரு நாளில் பத்து மாட்டைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. பல கொறங்காடுகளில் பல நாள் எண்ண வேண்டும். உயரழுத்த மின்கோபுரம் இல்லாத கொறங்காட்டைத் தேடிப் பிடிப்பது இப்போது பெரும்பாடு என்பது வேறு கதை. கல்லூரிப் பிள்ளைகள் யாராவது செய்தால் நன்றாக இருக்கும்.

மாட்டுக்கு வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்டால் ஈ கடிக்காது என்பது நிஜமா, கிண்டலா?

நிஜம்தான். 2019-இல் ஜப்பானியர்கள் ஆறு கறுப்பு மாடுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு முறை வெள்ளைக் கோடு, ஒரு முறை கறுப்புக் கோடு, ஒரு முறை ஒன்றுமே இல்லை. கறுப்புக் கோடு எதற்கு? பெயின்ட் வாசனைக்கே ஈ ஓடுகிறதா என்று பார்க்கத்தான். இந்த ஒரு யோசனைக்காகவே அவர்களைப் பாராட்டலாம். வெள்ளைக் கோடு போட்டபோது கடிக்கிற ஈக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன; கறுப்புக் கோட்டால் பயனில்லை. இந்த ஆராய்ச்சிக்கு 2025-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்கு 1991 முதல் கொடுத்து வருகிற பரிசு அது.

நம்ம கட்டுத்தரைக்கு இது ஆகுமா? கடிக்கிற ஈக்களைக் கறுத்த உடம்பு அதிகம் இழுக்கும். காங்கேயம் பசு பெரும்பாலும் வெள்ளை, சாம்பல் நிறம்தான். பால் பண்ணைகளில் நிற்கிற கறுப்பும் வெள்ளையுமான கலப்பின மாட்டுக்கு வேண்டுமானால் பார்க்கலாம். ஆனால் ஜப்பானியர் பூசிய சாயம் சில நாளில் அழிந்துவிடுகிற வகை. வாராவாரம் யார் கோடு போடுவது? சாணியை அன்றன்றைக்கு அள்ளி, சாயங்காலம் வேப்பிலை மூட்டம் போடுவது இப்போதைக்குச் சுலபம். சுவருக்கு அடிக்கிற பெயின்டை மாட்டுக்கு அடித்துவிடாதீர்கள், நக்கினால் விஷம்.

கோடை மழையின் முதல் தூறலில் வருகிற மண்வாசனை எதனால்?

இரண்டு மூன்று பொருள்கள் சேர்ந்த வாசனை அது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-இல் இதை எழுதினார்கள். வறட்சிக் காலத்தில் செடிகளிலிருந்து வருகிற எண்ணெய்கள் மண்ணிலும் பாறையிலும் சேர்ந்திருந்து, ஈரம் பட்டதும் வெளியே வருகின்றன என்று காட்டினார்கள். அதோடு மண்ணில் இருக்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மனித மூக்குக்கு இந்த ஜியோஸ்மின் அபாரமாகத் தெரியும்; ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே போதும்.

2015-இல் அமெரிக்காவில் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் மழைத்துளி மண்ணில் விழுவதை வேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். துளிக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு, குமிழாக மேலே வந்து, வெடித்து, வாசனையைத் தூவுகிறது. தூறலில் இது அதிகம், கொட்டுகிற மழையில் குறைவு. நம் அனுபவமும் அதுதானே? சித்திரையில் நாலு தூறல் போட்டால் ஊரே மணக்கும். ஐப்பசி அடைமழையில் ஒன்றும் வராது.

அணை மீனில் மண்வாடை அடிக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றேதான். தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் ஜியோஸ்மினை உண்டாக்கும். மீன் அதை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பவானிசாகர், மேட்டூர் மீனில் சில சமயம் வாடை தூக்கலாக இருப்பது அதனால்தான். புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதைந்துவிடும். ஆகவே புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுகிற நம்ம வீட்டு வழக்கம் மிகச் சரி. பீட்ரூட்டில் அடிக்கிற மண்வாடையும் ஜியோஸ்மின்தான். எலுமிச்சை பிழிந்து பாருங்கள்.

சின்ன வெங்காயம் உரித்தால் மட்டும் கண் ஏன் இவ்வளவு எரிகிறது?

வெங்காயத்தை நறுக்கும்போது அதன் செல்கள் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு ஆவி கிளம்பிக் கண்ணுக்கு வருகிறது. அந்த ஆவியை உண்டாக்குவதற்கென்றே தனியாக ஒரு நொதி இருக்கிறது என்று ஜப்பானியர்கள் 2002-இல் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கும் இக் நோபல், 2013-இல். சின்ன வெங்காயத்தில் சமாச்சாரம் தூக்கலாக இருக்கும், அதுதான் அதன் ருசியும். உரிக்கும் முன் தண்ணீரில் போட்டு வையுங்கள், அரிவாள்மணையைத் தீட்டி வையுங்கள். மழுங்கின கத்தி செல்களை நசுக்குகிறது, சாறும் அதிகம் தெறிக்கிறது.

பொள்ளாச்சி எண்ணெய் என்று சொல்லிக் கொடுத்தார்கள், மார்கழியில் உறையவில்லை. கலப்படமா?

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். கோவையில் மார்கழி விடிகாலை அதைவிடக் குளிர்ந்துவிடும். ஆனால் சமையலறை வெளியை விடச் சூடாக இருக்கும். உருகி இருக்கிற எண்ணெய் சட்டென்று உறையவும் செய்யாது. இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பாருங்கள். கொஞ்சமும் உறையவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

உறைந்துவிட்டால் சுத்தம் என்று அர்த்தமா? இல்லை, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். எண்ணெய்ப் பனையின் கொட்டைப் பருப்பு எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயைப் போலவே லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நிறைய உண்டு. அதுவும் உறையும். அதைக் கலந்திருந்தால் ஃப்ரிட்ஜ் சோதனையில் பாஸ் ஆகிவிடும். தெரிந்த செக்கில் கண் முன்னால் ஆட்டி வாங்குவதை விட நல்ல சோதனை வீட்டில் கிடையாது.

பையனின் விளையாட்டு ஜெர்சி நாறுகிற மாதிரி திருப்பூர் பனியன் நாறுவதில்லையே?

திருப்பூர்க்காரர்கள் சந்தோஷப்படுகிற ஆராய்ச்சி இது. 2014-இல் பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தார் 26 பேரைச் சைக்கிள் பயிற்சி செய்ய வைத்து, அவர்கள் போட்டிருந்த சட்டைகளைப் பையில் கட்டி வைத்து, மறுநாள் ஆள் வைத்து முகர்ந்து பார்த்தார்கள். பாலியெஸ்டர் சட்டைகள் பருத்தியை விட மோசமாக நாறின. வேர்வையை நாற்றமாக்கும் மைக்ரோகாக்கஸ் கிருமிகள் பாலியெஸ்டரில் நன்றாக வளர்ந்திருந்தன. பருத்தி இழை வேர்வையைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. பாலியெஸ்டரில் அது மேலேயே நிற்கிறது.

இப்போது திருப்பூரிலேயே பாலியெஸ்டர் ஜெர்சி மலைமலையாகத் தைக்கிறார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஜெர்சி லேசானது, சீக்கிரம் காயும், அதனால் விளையாடுகிறவர்கள் விடமாட்டார்கள். விளையாடி முடித்த ஜெர்சியைப் பைக்குள் சுருட்டி ராத்திரி முழுக்க வைக்காமல் இருந்தாலே பாதி நாற்றம் போய்விடும். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள்.

வைத்த நூல் தானாகச் சிக்காவது எப்படி?

2007-இல் அமெரிக்காவில் ரேமர், ஸ்மித் என்ற இருவர் ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டு 3,415 தடவை சுழற்றிப் பார்த்தார்கள். சில நொடிகளிலேயே முடிச்சு விழுந்தது. கயிற்றின் முனை மற்றச் சுருள்களுக்கு மேலும் கீழும் புகுந்து போவதுதான் காரணம். 46 சென்டிமீட்டருக்குக் குறைவான கயிற்றில் முடிச்சு விழவே இல்லை. ஆட இடமில்லாத சின்னப் பெட்டியில் முடிச்சு குறைவு. ஊசி நூலோ இயர்போனோ, முனையைக் கட்டிச் சின்ன டப்பாவில் வையுங்கள்.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கெல்லாம் எதற்குங்க காசு செலவு?

தாராபுரத்தில் ஒரு பெரியவர் சற்றுக் கோபமாகவே கேட்டார். அவர் கரும்பு விவசாயி, அதனால் கரும்பையே பதிலாகச் சொன்னேன்.

1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அங்கே பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி.எஸ்.வெங்கட்ராமனும், தித்திப்பான கரும்போடு ஆற்றோரத்துக் காட்டு நாணலைக் கலந்தார்கள். நாணலில் சர்க்கரை இல்லை, தடிமன் இல்லை, மாடுகூட விரும்பித் தின்னாது. அதைப் போய்க் கரும்போடு சேர்ப்பதா என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். 1918-இல் வெளிவந்த கோ 205 அந்தக் கலப்பில் பிறந்தது. நாணலின் முரட்டு உடம்பு அதற்கு இருந்ததால் வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கி நின்றது. கோ என்றால் கோயம்புத்தூர். பஞ்சாப் வயலில் விளைந்தாலும் பெயர் அதுதான். இன்றைக்குத் தமிழ்நாட்டு விவசாயி நடுகிற கோ 86032 வரை அந்த வரிசை தொடர்கிறது.

கோவையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கரும்பு இங்கே தாராளமாகப் பூக்கும்; வடக்கே குளிரில் பூத்து விதை பிடிப்பது கடினம். பூத்தால்தானே கலப்பு செய்ய முடியும்? 1930-களில் அங்கே வேலை பார்த்த ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். அது வயலுக்கு வரவில்லை. ஆனால் எந்தப் புல் எதற்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பது அந்த மாதிரி வேலைகளில்தான் தெரியவந்தது.

பெரியவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "அது கரும்புங்க, நீங்க சொன்னது முடிச்சு" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது.

நாலு பேர் உட்கார்ந்திருந்தால் கொசு என்னை மட்டும் கடிக்கிறது. ரத்த வகையா?

ரத்த வகைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. தோலில் ஊறுகிற சில கொழுப்பு அமிலங்கள்தான் முக்கியம் என்கிறது 2022-இல் வந்த ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆராய்ச்சி. 64 பேரை முன்கையில் நைலான் உறை போட்டுக்கொள்ளச் சொல்லி, அந்த உறைகளை டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுக்களிடம் காட்டினார்கள். அதிகம் கடிபட்டவர் உறை, குறைவாகக் கடிபட்டவர் உறையை விட 100 மடங்கு கொசுவை இழுத்தது. சில வருடம் கழித்துப் பார்த்தாலும் அவர் அப்படியேதான் இருந்தார். உங்கள் தோலை மாற்ற முடியாது, தொட்டி மூடியைப் போடலாம். ஏடிஸ் பகலில் கடிப்பது, வீட்டுத் தண்ணீரில் முட்டையிடுவது.

வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போடுவது நல்லதா, கெட்டதா?

கோபி, சத்தி பக்கம் தார் அறுத்து அறையில் அடுக்கிப் புகை போடுவது பழைய வழக்கம். புகையில் எத்திலீன் என்ற வாயு கொஞ்சம் இருக்கிறது; காயைப் பழுக்க வைப்பது அதுதான். பழுக்கிற பழம் தானே எத்திலீனை வெளிவிடுகிறது என்று 1934-இல் நிரூபித்தார்கள். அரிசிப் பானைக்குள் காயோடு ஒரு பழத்தைப் போட்டு மூடினால் சீக்கிரம் பழுப்பதும் இதனால்தான்.

கார்பைடு கல் வேறு. அது ஈரம் பட்டு வெளிவிடும் அசிட்டிலீனும் காயைப் பழுக்க வைக்கும். ஆனால் கடையில் கிடைக்கிற கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடுகள் இருக்கும். அதனால்தான் தடை. எத்திலீன் வாயு அறைகளுக்கு, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை அனுமதி உண்டு.

தோல் மஞ்சள், காம்பு பச்சை என்றால் கார்பைடு என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அனுமதி பெற்ற குளிர் அறையில் பழுத்த பழமும் அப்படி இருக்கலாம், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் முற்றின காய்த் தாராக வாங்கி வீட்டில் கட்டித் தொங்கவிடுங்கள். மேல் சீப்பிலிருந்து பழுத்துக்கொண்டு வரும், தினம் ஒரு சீப்பாகச் சாப்பிடலாம்.